வால்வு ஹெட்போன் ஆம்பிளிஃபையரில் ரீங்காரம்: பழுது மின்மாற்றியிலா, வேறெங்கிலுமா?

அல்சூர்வாசி (பெங்களூரு), சனி இரவு

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களாக மாலை வேளைகளில் உட்கார்ந்து ஒரு வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்போன் ஆம்பிளிஃபையரைக் கட்டி முடித்திருக்கிறேன். முன்நிலையில் ஒரு 6எஸ்என்7, வெளியீட்டில் ஒரு 6080. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இருக்கும் இரண்டு ட்ரையோடுகளில் (பெருக்கும் பகுதிகளில்) ஒன்று இடப்பக்கத்துக்கும் மற்றொன்று வலப்பக்கத்துக்கும் வேலை செய்கிறது. வெளியீட்டு மின்மாற்றி கிடையாது. 6080 கேத்தோடு ஃபாலோயராக (கேத்தோடு முனையிலிருந்து ஒலியை எடுக்கும் அமைப்பாக) நின்று, 220 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் வழியே 300 ஓம் ஹெட்போனை ஓட்டுகிறது. பவர் சப்ளையில் 165-0-165 வோல்ட் சுருள், இரண்டு சிலிக்கான் டயோடுகள், 47 மைக்ரோஃபேரட், 10 ஹென்றி சோக் (ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் சுருள்), அதற்குப் பின் 220 மைக்ரோஃபேரட் என்ற வரிசை. மொத்த மின்னோட்டம் ஏறத்தாழ 110 மில்லிஆம்பியர். கணக்குப்படி 200 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் 225 காட்டுகிறது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மின்மாற்றி எஸ்பி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் சொல்லிச் சுற்ற வைத்த இஐ வகை (E, I வடிவத் தகடுகளை அடுக்கியது). சுற்றிக் கொடுத்தவர் வார்னிஷில் முக்கி, உலர வைத்தே கொடுத்தார். ஆனால் பெட்டியிலிருந்து ரீங்காரம் கேட்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் அது இன்னும் உரக்கிறது. ஹெட்போனிலும் ஓர் உறுமல் இருக்கிறது, ஒலியளவுக் குமிழை முழுவதும் குறைத்தாலும் அது குறைவதில்லை. இரண்டு வால்வுகளையும் மாற்றிப் பார்த்தேன். மின்மாற்றிக்கும் 6எஸ்என்7-க்கும் நடுவில் அலுமினியத் தகடு வைத்துப் பார்த்தேன். கோர் (மின்மாற்றியின் இரும்புத் தகடு அடுக்கு) போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தேன். எதிலும் பயன் இல்லை. இந்த மின்மாற்றியை ஒதுக்கிவிட்டு டொராய்டு (வளைய வடிவ மின்மாற்றி) வாங்குவதுதான் வழியா?

லேமிங்டன் ரோடு (மும்பை), ஞாயிறு காலை

என் வீட்டு ஆம்பிளிஃபையரில் இஐ மின்மாற்றியை எடுத்துவிட்டு டொராய்டு வைத்த பிறகு உறுமல் வெகுவாகக் குறைந்தது. டொராய்டின் காந்தப்புலம் வெளியே கசிவது குறைவு என்பது எல்லோரும் அறிந்ததே. செலவு செய்ய முடியுமானால் மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஜாலஹள்ளிப் பட்டறை (பெங்களூரு), ஞாயிறு காலை

தம்பி, எதையும் கழற்றுவதற்கு முன் இரண்டு ஓசைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து காற்றில் வரும் ரீங்காரம் ஒன்று, கம்பி வழியே ஹெட்போனுக்குள் வரும் உறுமல் மற்றொன்று. இவை இரண்டும் ஒரே மின்மாற்றியை ஒட்டிப் பிறந்தாலும், காரணமும் மருந்தும் வேறு வேறு. நீங்கள் வைத்திருப்பது பின்பக்கம் திறந்த வகை ஹெட்போனாக இருந்தால், காற்றில் வரும் ஓசையும் காதுக்குள் நுழைந்துவிடும். அதனால் ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, அதன் பின்னை மட்டும் ஆம்பிளிஃபையரிலிருந்து உருவிவிட்டுக் கேளுங்கள். அப்போதும் கேட்பது காற்று வழி வருவது. பின்னைச் செருகியதும் கூடுவது மின்வழி வருவது.

அலுமினியத் தகடு பயன்படாததில் வியப்பில்லை. 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை மெல்லிய அலுமினியம் தடுக்காது. இரும்பு ஓரளவு தடுக்கும், தூரம் அதைவிட நன்றாகத் தடுக்கும். மின்மாற்றியின் கசிவுப்புலம் ஏறக்குறைய தூரத்தின் முப்படிக்குத் தலைகீழாகக் குறைகிறது. இடைவெளியை இரட்டிப்பாக்கினால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இரண்டாவதாக, உறுமலின் அதிர்வெண்ணைப் பாருங்கள். மடிக்கணினியை சார்ஜரிலிருந்து கழற்றி, பேட்டரியில் ஓட்டி, அதன் ஒலி உள்ளீட்டில் ஆம்பிளிஃபையரின் வெளியீட்டைக் கொடுத்து, நிறமாலை காட்டும் மென்பொருளில் பாருங்கள். வால்வுகள் சூடாகி நிலைத்த பிறகு இணையுங்கள், தொடக்கத்தில் வரும் மின் உதைப்பு ஒலி அட்டைக்கு ஆகாது. 50, 150, 250 என்று ஒற்றைப்படை மடங்குகள் ஓங்கி இருந்தால் காந்தப்புலமோ ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) கம்பியோ காரணம். 100, 200, 300 என்று வந்தால் முழு அலை ரெக்டிஃபையர் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் டயோடுகள்) பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனை பத்து உதிரிப்பாகங்களை மாற்றுவதைவிடக் கூடுதலாகச் சொல்லிக் கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. வால்வு செருகியிருந்தால் அதுவே கெபாசிட்டரின் மின்னேற்றத்தை ஓரிரு விநாடிகளில் குடித்துவிடும். வால்வைக் கழற்றிய நிலையில் மின்சாரம் கொடுத்து நிறுத்தினால், 225 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் அப்படியே உள்ளே காத்திருக்கும். 47 கிலோஓம், 3 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உயர் மின்னழுத்தத்துக்குக் குறுக்கே நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். இதைச் செய்யாமல் கையை உள்ளே விட வேண்டாம்.

சுருள்கணக்கு (பீன்யா, பெங்களூரு), ஞாயிறு மாலை

டொராய்டு பற்றிச் சொன்ன மும்பை நண்பரின் அனுபவம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைப் பொது விதியாகக் கொள்ள முடியாது. டொராய்டின் கோரில் இணைப்பு இடைவெளி இல்லாததால், வீட்டு மின்சாரத்தில் சிறிதளவு நேர்மின்னோட்டக் கூறு கலந்தாலே கோர் ஒரு பக்கமாகத் தெவிட்டிவிடும், அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலைக்கு வந்துவிடும். அப்போது அது இஐ வகையைவிட மோசமாக இரையும். பாதி வேகத்துக்கு ஒற்றை டயோடு வைத்த முடி உலர்த்தியைப் பக்கத்து வீட்டில் போட்டாலும் போதும். மேலும், டொராய்டைப் பொருத்தும் நடு போல்ட்டின் மேல்முனையும் கீழ்முனையும் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டால், அது குறுக்கிணைந்த ஒரு சுற்றாகி மின்மாற்றியையே எரித்துவிடும். பெட்டியின் மூடி போல்ட் தலையைத் தொட்டதால் இப்படி எரிந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் ரீங்காரம் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் முதன்மையான தடயம். கோர் தகடுகள் ஒரு சுழற்சியில் இரண்டு முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குகின்றன. ஆகவே பெட்டியிலிருந்து வருவது 100 ஹெர்ட்ஸ். இது பாய அடர்த்தியை (கோருக்குள் காந்தப்புலம் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதை) பொறுத்தது, பாய அடர்த்தியோ கொடுக்கும் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 10 சதுர சென்டிமீட்டர் கோரில் 230 வோல்ட்டுக்கு 690 சுற்றுகள் போட்டால் அடர்த்தி 1.5 டெஸ்லா, 863 சுற்றுகள் போட்டால் 1.2 டெஸ்லா. முதலாவதற்கு இரவில் 250 வோல்ட் வந்தால் 1.63 டெஸ்லா ஆகிவிடும். அங்கே காந்தமாக்கும் மின்னோட்டம் சரசரவென்று ஏறுகிறது, ஓசையும் கசிவும் அதோடு ஏறுகின்றன. ஒலிக் கருவிக்குச் சுற்றுபவர் செம்பைப் பார்த்துச் சிக்கனம் செய்யக் கூடாது என்று நான் எப்போதும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் உங்களுக்குச் சுற்றிக் கொடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன் மூன்று அளவுகளைத் தாருங்கள். இரவு பதினொரு மணிக்கு வீட்டு மின்னழுத்தம் எவ்வளவு? அப்போது ஹீட்டர் முனைகளில் எவ்வளவு? முதன்மைச் சுருளில் எத்தனை கம்பிகள் வெளியே வருகின்றன, நீங்கள் எவற்றை இணைத்திருக்கிறீர்கள்? 200-க்குப் பதில் 225 என்று மீட்டர் காட்டியதை ஒதுக்கித் தள்ளியிருக்கக் கூடாது.

துவாரகா (டெல்லி), ஞாயிறு இரவு

எளிய சோதனை ஒன்று உண்டு. ஹெட்போனில் உறுமலைக் கேட்டுக்கொண்டே மின்விசையை நிறுத்துங்கள். உறுமல் அந்தக் கணமே மறைந்தால் அது மின்மாற்றியின் காந்தப்புலத்தால் வருவது என்று உறுதியாகச் சொல்லலாம். மெல்லத் தேய்ந்தால் பவர் சப்ளையின் சிற்றலை (நேர்மின்னழுத்தத்தில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்).

ஜாலஹள்ளிப் பட்டறை, ஞாயிறு இரவு

நண்பரே, இந்தச் சோதனையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் அதிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியாது. விசையை நிறுத்தியதும் காந்தப்புலம் நிற்பது போலவே, டயோடுகள் முதல் கெபாசிட்டருக்கு மின்னேற்றம் செய்வதும் நின்றுவிடுகிறது. மின்னேற்றம் நின்றால் சிற்றலையும் இல்லை. கெபாசிட்டர் சீராக வடிய மட்டுமே செய்யும். இவருடைய சுற்றில் மொத்தம் 267 மைக்ரோஃபேரட், 110 மில்லிஆம்பியர். வடிவதற்கு அரை விநாடியே நேர மாறிலி (மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும் நேரம்). ஆக எந்தக் காரணமாக இருந்தாலும் கணத்தில் மறைந்தது போலவே காதுக்குத் தோன்றும். இச்சோதனையால் அறியக்கூடியது ஒன்றுதான். விசையை நிறுத்திய பிறகும் உறுமல் கேட்டால், அது இந்தப் பெட்டியின் மின்மாற்றியிலிருந்து வரவில்லை, இணைத்திருக்கும் வேறு கருவியிலிருந்து வருகிறது.

துவாரகா, ஞாயிறு இரவு

சரியான திருத்தம். மின்னேற்றமும் அதே கணத்தில் நிற்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. இனி இதைப் பிறருக்குச் சொல்லமாட்டேன்.

அல்சூர்வாசி, திங்கள் இரவு

கேட்டவற்றையெல்லாம் அளந்துவிட்டேன். இரவு 11 மணிக்கு வீட்டில் 248 வோல்ட். ஹீட்டரில் 7.1 வோல்ட். முதன்மைச் சுருளில் மூன்று கம்பிகள் வருகின்றன: 0, 220, 240. நான் 0-வையும் 220-யையும் இணைத்திருக்கிறேன். 240 கம்பியை உறையிட்டுக் கட்டி ஓரமாக விட்டிருந்தேன். நம் வீட்டு மின்சாரம் 230 என்பதால், இரண்டில் எது அருகில் என்று தெரியாமல் ஒன்றைத் தேர்ந்துகொண்டேன்.

பின்னை உருவிவிட்டுக் கேட்டபோது ரீங்காரம் பாதியளவு கேட்டது. ஜாலஹள்ளி ஐயா சொன்னது போல ஓசைகள் இரண்டுதான். ஒலி அட்டையில் அளந்த மின்வழி உறுமல்: 50 ஹெர்ட்ஸ் 0.5 மில்லிவோல்ட், 100 ஹெர்ட்ஸ் 2.3, 150 ஹெர்ட்ஸ் 0.1, 200 ஹெர்ட்ஸ் 0.6, 300 ஹெர்ட்ஸ் 0.3. அளவைச் சரிபார்க்க, கைபேசியிலிருந்து ஒரு சைன் அலையைக் கொடுத்து மல்டிமீட்டரோடு ஒப்பிட்டுக்கொண்டேன்.

சுருள்கணக்கு, செவ்வாய் காலை

காற்றுவழி ஓசைக்கு விடை கிடைத்துவிட்டது. 220 வோல்ட்டுக்கான சுருளுக்கு 248 கொடுத்தால் பாய அடர்த்தி 12.7 விழுக்காடு கூடுகிறது. சுற்றியவர் நிதானமாக 1.4 டெஸ்லாவுக்குச் சுற்றியிருந்தாலும் கோர் 1.58-இல் நிற்கும். அதைவிட அவசரமானது ஹீட்டர். 6.3 வோல்ட் வால்வுகளுக்கு பத்து விழுக்காடு கூடுதல் என்றால் 6.93, நீங்கள் 7.1 கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்றே 240 கம்பிக்கு மாறுங்கள். இரவில் ஹீட்டர் 6.5 ஆகும், பகலில் வீட்டு மின்னழுத்தம் 228-க்கு இறங்கினாலும் 6 வோல்ட் கிடைக்கும், அது வரம்புக்குள்தான். உங்களுக்குச் சுற்றிக் கொடுத்தவர் பெங்களூரின் இரவு மின்னழுத்தத்தை அறிந்தே அந்த மூன்றாவது கம்பியை வெளியே எடுத்திருக்கிறார்.

ஜாலஹள்ளிப் பட்டறை, செவ்வாய் மாலை

ஹெட்போன் உறுமலில் இரட்டைப்படை மடங்குகளே ஓங்கி நிற்கின்றன. ஆகவே காந்தப்புலத்தைச் சற்று மறந்துவிட்டுப் பவர் சப்ளைக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் 6080-ஐ வைத்துக் கட்டும் பலர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் கெபாசிட்டர் 47 மைக்ரோஃபேரட், மின்னோட்டம் 0.11 ஆம்பியர், அதிர்வெண் 100. வகுத்தால் உச்சிக்கு உச்சி 23 வோல்ட் சிற்றலை. மரம் அறுக்கும் வாளின் பல் போன்ற வடிவம் என்பதால் ஆர்எம்எஸ் (பயனுறு) அளவில் சுமார் 6.7 வோல்ட். சோக்கின் எதிர்ப்பு 100 ஹெர்ட்ஸில் 6,283 ஓம், 220 மைக்ரோஃபேரட்டின் எதிர்ப்பு 7.2 ஓம். ஆக 870 மடங்கு குறைந்து, கிட்டத்தட்ட 7.7 மில்லிவோல்ட் மிஞ்சுகிறது. 200 வோல்ட்டுக்கு இது மிகச் சிறியதுதானே என்று தோன்றும். பென்டோடு (ஐந்து மின்முனை வால்வு) வைத்த பழைய ரேடியோவில் இதை யாரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள்.

ஆனால் 6080-இன் பெருக்கக் காரணி வெறும் 2, உள் எதிர்ப்பு 280 ஓம். இவ்வளவு தாழ்ந்த பெருக்கக் காரணி உடைய வால்வு, ஆனோடில் (உயர் மின்னழுத்தம் சேரும் முனையில்) உள்ள சிற்றலையைக் கேத்தோடுக்குப் போகவிடாமல் தடுக்கும் ஆற்றல் அற்றது. ஹெட்போனையும் கேத்தோடு ரெசிஸ்டரையும் சேர்த்து 257 ஓம் என்று கொண்டால், கேத்தோடில் தோன்றும் பங்கு 257-ஐ, 280-உம் 257-இன் மும்மடங்கும் சேர்ந்த தொகையால் வகுத்தது. ஏறத்தாழ கால் பங்கு. அதாவது 7.7 மில்லிவோல்ட்டில் 1.9 மில்லிவோல்ட் நேரே காதுக்குப் போகிறது. ஒலியளவுக் குமிழைக் குறைத்தாலும் குறையாததற்குக் காரணம் இதுவே: குமிழ் முன்னால் இருக்கிறது, உறுமல் பின்னால் நுழைகிறது.

துவாரகா, செவ்வாய் இரவு

ஐயாவின் கணக்கைக் காதுவரை கொண்டுபோகிறேன். சென்ஹெய்சர் எச்டி 650 போன்ற 300 ஓம் ஹெட்போன் ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபெல் தருகிறது. 1.9 மில்லிவோல்ட் என்றால் சுமார் 48.5 டெசிபெல். மனிதக் காதின் கேட்பு எல்லை 100 ஹெர்ட்ஸில் 26.5 டெசிபெல். எனவே அமைதியான அறையில் அது தெளிவாகவே கேட்கும், 0.15 மில்லிவோல்ட்டுக்குக் கீழே கொண்டுபோனால்தான் மறையும். மாறாக 50 ஹெர்ட்ஸில் எல்லை 44 டெசிபெல், அங்கே 1.1 மில்லிவோல்ட் வரை காதுக்குத் தெரியாது. நண்பர் அளந்த 0.5 அதற்கும் கீழே இருக்கிறது. மின்மாற்றியின் காந்தப்புலத்தைக் குற்றம் சாட்டியே நாம் பேச்சைத் தொடங்கினோம், ஆனால் அதன் பங்கு காதில் விழவே இல்லை.

அல்சூர்வாசி, வியாழன் இரவு

240 கம்பிக்கு மாற்றினேன். ரீங்காரம் இப்போது ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் கேட்பதில்லை. உயர் மின்னழுத்தம் 206. ஹீட்டர் 6.5.

துவாரகா நண்பரின் 0.15 என்ற இலக்கை எட்டுவதற்காக, சோக்குக்குப் பின்னால் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரும் 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டரும் சேர்த்தேன். 470 மைக்ரோஃபேரட்டின் எதிர்ப்பு 100 ஹெர்ட்ஸில் 3.4 ஓம் என்பதால் முப்பது மடங்கு குறைய வேண்டும் என்று கணக்கிட்டேன். ஆனால் 2.3 என்பது 0.7-க்குத்தான் இறங்கியிருக்கிறது. 200, 300 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. உறுமல் இப்போது கனமாக இல்லை, ஆனால் வண்டு குடைவது போல ஒரு கூர்மை தெரிகிறது. கெபாசிட்டர் பழுதோ என்று மாற்றியும் பார்த்தேன்.

ஜாலஹள்ளிப் பட்டறை, வெள்ளி காலை

கெபாசிட்டர் பழுதில்லை. முப்பது மடங்கு குறைய வேண்டியது மூன்று மடங்கே குறைந்தால், மிஞ்சியது ஃபில்டர் வழியாக வரவில்லை, வேறு பாதையில் வருகிறது என்று பொருள். உயர் மின்னழுத்தச் சுருளின் நடுக்கம்பியை (165-0-165-இல் உள்ள 0) எங்கே பற்றவைத்திருக்கிறீர்கள்? முதல் கெபாசிட்டரின் எதிர்முனை (மைனஸ் முனை) எங்கே இருக்கிறது? படம் எடுத்து அனுப்புங்கள்.

அல்சூர்வாசி, வெள்ளி மாலை

படம் இணைத்திருக்கிறேன். நடுக்கம்பி உள்ளீட்டு சாக்கெட் அருகே உள்ள சேஸிஸ் (உலோக அடிச்சட்டம்) போல்ட்டில் இருக்கிறது. முதல் கெபாசிட்டரின் எதிர்முனை மறுகோடியில், மின்மாற்றிக்குப் பக்கத்தில் இருக்கும் போல்ட்டில். இரண்டும் ஒரே சேஸிஸ்தானே என்று எண்ணினேன்.

ஜாலஹள்ளிப் பட்டறை, வெள்ளி இரவு

அதுவேதான் தம்பி. டயோடுகள் தொடர்ச்சியாக மின்னோட்டம் தருவதில்லை. அலையின் உச்சியில் மட்டும், சராசரியைப் போல ஐந்தாறு மடங்கு உயரமான குறுகிய துடிப்புகளாகத் தருகின்றன. 0.6 ஆம்பியர் துடிப்பு ஒரு மில்லிஓம் சேஸிஸ் வழியே ஓடினாலே 0.6 மில்லிவோல்ட் உண்டாகும். உங்கள் வீட்டில் அது ஒலி உள்ளீட்டின் தரைப்புள்ளி வழியாகவே ஓடுகிறது, 6எஸ்என்7 அதை இசையோடு சேர்த்துப் பெருக்குகிறது. துடிப்பு குறுகியது என்பதால் 200, 300 ஹெர்ட்ஸ் கூறுகளும் வலுவாக இருக்கின்றன. உங்கள் காதில் விழும் கூர்மை அதுதான்.

நடுக்கம்பியைச் சேஸிஸிலிருந்து முழுவதுமாக விடுவித்து, தனிக் கம்பியால் முதல் கெபாசிட்டரின் எதிர்முனைக்கே கொண்டுபோங்கள். மின்னேற்றத் துடிப்பு அந்தச் சின்ன வளையத்துக்குள்ளேயே சுற்றித் திரும்பட்டும். அங்கிருந்து கடைசி கெபாசிட்டரின் எதிர்முனைக்கு ஒரு கம்பி, அதிலிருந்து ஒலிப்பகுதியின் தரைக்கு ஒரு கம்பி. சேஸிஸோடு சேர்வது உள்ளீட்டுப் பக்கம் ஒரே இடத்தில். வீட்டு எர்த் கம்பி மட்டும் தனி போல்ட்டில் சேஸிஸில் இறுகப் பிடித்திருக்க வேண்டும். உறுமல் குறைகிறது என்று சிலர் எர்த் கம்பியைக் கழற்றச் சொல்வார்கள். உலோகப் பெட்டிக்குள் 200 வோல்ட்டை வைத்துக்கொண்டு, தலையில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் கருவியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

ஹீட்டரின் ஒரு முனையைச் சேஸிஸில் இணைத்திருப்பதும் படத்தில் தெரிகிறது. அதை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளிலிருந்தும் தலா 100 ஓம் ரெசிஸ்டரைக் கொண்டுவந்து ஒரு புள்ளியில் சேர்த்து, அந்தப் புள்ளியை உயர் மின்னழுத்தத்திலிருந்து பிரித்த 45 வோல்ட்டில் நிறுத்துங்கள். ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசியும் 50 ஹெர்ட்ஸ் அடங்கும். கம்பிகளை நெருக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையை ஒட்டியே கொண்டுபோங்கள்.

லேமிங்டன் ரோடு, சனி காலை

நான் டொராய்டு மாற்றியபோது கம்பிகளையும் புதிதாக இழுத்திருந்தேன். உறுமல் குறைந்ததற்கு எது காரணம் என்று இப்போது எனக்கே உறுதியில்லை. பழைய இஐ மின்மாற்றி இன்னும் பெட்டியில் கிடக்கிறது. அதை மீண்டும் பொருத்தி அளந்து பார்க்கப் போகிறேன்.

அல்சூர்வாசி, ஞாயிறு இரவு

ஜாலஹள்ளி ஐயா சொன்னபடி மூன்றையும் செய்தேன். நடுக்கம்பியை மாற்றியதும் 100 ஹெர்ட்ஸ் 0.08 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. 200-உம் 300-உம் ஒலி அட்டையின் சொந்த இரைச்சலுக்குள் மறைந்துவிட்டன. ஹீட்டர் வேலைக்குப் பிறகு 50 ஹெர்ட்ஸ் 0.5-இலிருந்து 0.15 ஆனது. இரவு பதினொன்றரைக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒலியளவுக் குமிழை முழுவதும் திறந்து வைத்துக் கேட்டேன். மெல்லிய சீறல் தவிர வேறெதுவும் இல்லை.

நாளை மாலை எஸ்பி ரோட்டுக்குப் போகிறேன். மின்மாற்றி சரியில்லை என்று போன வாரம் அதைச் சுற்றிக் கொடுத்தவரிடம் தொலைபேசியில் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். 240 கம்பியைப் பற்றி அவரிடம் நேரில் சொல்லி, வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதே சுற்றில் இரண்டாவது பெட்டி ஒன்று நண்பருக்காகக் கட்டவிருக்கிறேன். அதற்கும் அவரிடமே சுற்றக் கொடுக்கிறேன். சுருள்கணக்கு ஐயா, அதற்கு 240 வோல்ட்டில் 1.2 டெஸ்லா என்று கேட்டால் போதுமா?

சுருள்கணக்கு, ஞாயிறு இரவு

போதும். 10 சதுர சென்டிமீட்டர் கோர் என்றால் 240-க்கு 900 சுற்றுகள். 220-க்கு 825-ஆவது சுற்றில் கம்பி எடுக்கச் சொல்லுங்கள். முதன்மைக்கும் இரண்டாம் சுருளுக்கும் நடுவில் ஒரு செம்புத் தகடு கேளுங்கள். அதன் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் மேலடுக்காக, நடுவில் தாள் வைத்துச் சுற்ற வேண்டும். அதிலிருந்து வரும் கம்பியை எர்த்தில் இணையுங்கள்.